கூரைக்குள் நீச்சல்: மூக்கில் ஏறும் அந்த மணம் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

நீச்சல் தடாகங்களைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். எல்லாமே கூரை போட்டு மூடிய தடாகங்களைப் பற்றியவை. கீரிமலைக் கேணியில் தோய்ந்து வளர்ந்த ஊருக்கு இது புதிய சங்கதி. கேணியில் ஊற்றுநீர் வந்துகொண்டும் கடலுக்குப் போய்க்கொண்டும் இருக்கும். மேலே திறந்த வானம். மூடிய தடாகத்திலோ அதே தண்ணீர் மாதக்கணக்கில் சுற்றுகிறது. கவனியாமல் விட்டால் அதே காற்றும் சுற்றுகிறது.

*

எங்கள் பிள்ளைகள் இருவரும் கிழமையில் மூன்று நாள் மூடிய தடாகமொன்றில் நீச்சல் பழகுகிறார்கள். வாசலில் கால் வைத்ததுமே குளோரின் மணம் குப்பென்று அடிக்கும். மணம் இருந்தால்தான் தண்ணீர் சுத்தம் என்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கிறது, இரவில் இருமுகிறார்கள். குளோரினைக் குறைக்கச் சொல்லலாமா?
— ஒரு தாய், கோண்டாவில்

குறைக்கச் சொல்லாதீர்கள், அம்மா. குறைத்தால் மணம் போகாது, கிருமிதான் பெருகும். அளவாகக் குளோரின் இட்ட நல்ல தண்ணீருக்கு மணம் மிகக் குறைவு. குனிந்து முகர்ந்தால்தான் லேசாகத் தெரியும். வாசலிலேயே மூக்கில் ஏறுவது குளோரின் அல்ல, குளோரமீன். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியாவும் அமோனியாவும் குளோரினோடு சேர்ந்து உண்டாவது அது. ஆகவே அந்த மணம் தண்ணீர் சுத்தம் என்பதற்குச் சாட்சி இல்லை. உடம்பழுக்கு கனக்கச் சேர்ந்துவிட்டது, குளோரின் அதோடு மல்லுக்கட்டிக் களைத்துவிட்டது என்பதற்குத்தான் சாட்சி.

குளோரமீனில் மூன்று வகை உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் தண்ணீரிலேயே கிடக்கும். மூன்றாவதான முக்குளோரமீன் தண்ணீரில் நிற்காது. கால் அடித்துத் தண்ணீர் கலங்கக் கலங்கக் காற்றுக்கு ஏறும். கண்ணை எரிப்பதும் தொண்டையைக் கரகரக்க வைப்பதும் அதுதான். சாதாரணக் காற்றைவிடப் பாரமான வாயு என்பதால் நீர்மட்டத்துக்கு மேலே போர்வைபோலத் தங்கும். படியில் இருக்கும் பெற்றோருக்கு அவ்வளவாகத் தெரியாதது, நீரிலிருந்து ஓர் அடிக்குள் வாயைத் திறந்து மூச்செடுக்கும் பிள்ளைக்கு நெஞ்சு நிறையப் போகிறது. காற்றில் இந்த வாயு ஒரு கனமீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் தற்காலிக வரம்பு ஒன்றைச் சொன்னது. சில நாடுகள் அதைவிட இறுக்கமான வரம்பு வைத்திருக்கின்றன.

அதை அளக்கும் கருவி வீடுகளில் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, முதல் ஐந்து நிமிடத்து மூக்கை நம்புங்கள். பத்து நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும், பிறகு அது சொல்வது சரியில்லை. மற்றது, நாள் முழுவதும் அங்கே நிற்கும் உயிர்காப்பாளரையும் பயிற்றுநரையும் பாருங்கள். தண்ணீரில் இறங்காத அவர்களுக்கும் கண் எரிகிறது, இருமல் வருகிறது என்றால் குற்றம் காற்றில்.

தடாகத்தாரிடம் ‘குளோரின் கூடிவிட்டதா’ என்று கேட்காமல், ‘கட்டுண்ட குளோரின் (அழுக்கோடு பிணைந்துபோன குளோரின்) இன்றைக்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அது கவனமாக நடத்தப்படும் தடாகம். கேள்வியே விளங்காவிட்டால் அடுத்த பதிலை அவர்களுக்குக் காட்டுங்கள்.

*

விடுதியொன்றின் தடாகத்தைப் பராமரிக்கிறேன். மஞ்சள் நிறம் காட்டும் சோதனைப் பெட்டியில் குளோரின் எப்போதும் 2 காட்டுகிறது. ஆனாலும் மணம் போகவில்லை. ‘ஷொக்’ போட்டால் சரியாகும் என்கிறார்கள். எவ்வளவு போடுவது?
— பராமரிப்பாளர், திருநெல்வேலி

போடுவதற்கு முன் சோதனைப் பெட்டியை மாற்றுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பெட்டி மொத்தக் குளோரினை மட்டும் சொல்லும். அதில் எவ்வளவு இன்னும் வேலை செய்யக்கூடிய கட்டற்ற குளோரின், எவ்வளவு அழுக்கோடு பிணைந்த கட்டுண்ட குளோரின் என்று பிரிக்காது. உங்கள் 2இல் ஒன்றரை கட்டுண்டதாகவே இருக்கலாம். தேவையானது இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. குளிசை.

சோதனைக்குழாயை அதே தடாகத் தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். முழங்கை ஆழத்திலிருந்து, புதுத் தண்ணீர் வரும் வாய்க்குத் தள்ளி, 10 மில்லிலீற்றர் எடுங்கள். 1ஆம் இலக்கக் குளிசையை விரல் படாமல் உறையிலிருந்தே குழாய்க்குள் தள்ளி, நசுக்கிக் கலக்கி, உடனே நிறத்தைப் படியுங்கள். அது கட்டற்ற குளோரின். அதே குழாய்க்குள் 3ஆம் இலக்கக் குளிசையைப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். நிறம் இன்னும் சிவக்கும். அது மொத்தம். மொத்தத்தில் முதலாவதைக் கழித்தால் வருவது கட்டுண்ட குளோரின். குழாயைக் கழுவாமல் அடுத்த சோதனைக்கு எடுக்காதீர்கள். 3ஆம் குளிசையின் துளி ஒன்று ஒட்டியிருந்தாலும் அடுத்த முறை கட்டற்றது கூடக் காட்டும்.

ஒரு பொறியும் உண்டு. குளிசை போட்டதும் சிவப்பு மின்னி மறைந்து வெள்ளையாகிவிட்டால் குளோரின் இல்லை என்று நினைத்து மேலும் கொட்டிவிடாதீர்கள். குளோரின் அளவு மீறி இருந்தாலும் நிறம் வெளிறிவிடும். ஒரு பங்கு தடாகத் தண்ணீருக்கு நாலு பங்கு போத்தல் தண்ணீர் கலந்து மறுபடி சோதித்து, வரும் அளவை ஐந்தால் பெருக்குங்கள்.

கட்டற்றது லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். கட்டுண்டது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உலக சுகாதார நிறுவனம் 0.2க்குக் கீழே வைக்கச் சொல்கிறது. நடைமுறையில் 0.4ஐத் தாண்டினால் வேலை தொடங்கவேண்டும். 1ஐத் தொட்டால் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

இனி ஷொக், அதாவது கட்டுண்டதை முறிக்க ஒரே தடவையில் கூடுதலாகப் போடும் குளோரின். 25 மீற்றர் நீளம், 12.5 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம் என்றால் தண்ணீர் ஏறத்தாழ 470 கனமீற்றர். கட்டுண்டது 0.8 என்றால் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது லீற்றருக்கு 8 மில்லிகிராம் குளோரின் வேண்டும். மொத்தம் 3.8 கிலோ. 65 வீதக் கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளில் இது 5.8 கிலோ. கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளில் குளோரின் 30 வீதமளவே. அதில் போட்டால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தேவைப்படும், சுண்ணாம்புக் கசடு தடாகத்தைக் கலக்கிவிடும். அதைத் தவிருங்கள். கடைசி ஆள் போனபின், வடிகட்டி ஓடும்போது, கதவு யன்னல் முழுவதையும் திறந்துவைத்து, பிளாஸ்ரிக் வாளித் தண்ணீருக்குள் தூளைப் போட்டுக் கரைத்து ஊற்றுங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கட்டற்றது 3க்குக் கீழே இறங்கும்வரை எவரும் இறங்கக்கூடாது.

பத்து மடங்கு என்பதில் கைநடுங்கிக் குறைத்துப் போடாதீர்கள். அரைகுறையாகப் போட்டால் வேலை நடுவழியில் நின்று, முன்பைவிட மோசமான முக்குளோரமீன்தான் மிஞ்சும். மணம் குறையும் என்று போட்டவர்கள் மறுநாள் மணம் கூடியதைக் கண்டு திகைப்பது இதனால்தான். இன்னொன்று: யூரியா குளோரினோடு மிக மெதுவாகவே முறியும். இரண்டு முறை போட்டும் கட்டுண்டது இறங்காவிட்டால் மூன்றாவது முறை போடவேண்டாம். பழைய தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்ப்பதே வழி. நீந்தும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 30 லீற்றர் புதுத்தண்ணீர் என்பது நல்ல கணக்கு. நூறு பேர் வந்த நாளில் 3,000 லீற்றர். மணல் வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும்போதே இதில் பெரும்பங்கு போய்விடும். எங்கள் நிலத்தில் தண்ணீர் எவ்வளவு அருமை என்பது தெரிந்தே சொல்கிறோம்: இந்த 30 லீற்றரை மிச்சம்பிடித்தால் அதை மூச்சுக்குழாய்கள்தான் கட்டவேண்டிவரும். கழிவுநீரைத் தொட்டியில் விட்டுக் குளோரின் போனபின் வெளியேற்றுங்கள், கிணற்றுக்கு அருகே விடாதீர்கள். சுண்ணக்கல் எதையும் வடிக்காமல் கீழே இறக்கிவிடும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவையும் கூடவே பாருங்கள். 7.2இல் கட்டற்ற குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் நிலையில் இருக்கும், 7.8இல் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. காற்றுப் படப்படப் பி.எச். 8ஐத் தாண்டி ஏறப் பார்க்கும். அமிலம் சேர்த்து 7.2க்கும் 7.4க்கும் இடையில் வையுங்கள். 7க்குக் கீழே போகவிட்டால் முக்குளோரமீன் கூடும்.

*

கனடாவில் இருக்கும் அண்ணா ஊரில் விருந்தினர் விடுதி கட்டுகிறார். உள்ளகத் தடாகத்துக்கு அங்கிருந்தே வரைபடம் அனுப்பியிருக்கிறார்: நாலு பக்கமும் கண்ணாடி, தண்ணீரைச் சூடாக்கும் கருவி, மண்டபத்துக்கு ஏசி. தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம். மண்டபம் 12க்கு 7. இது எங்கள் ஊருக்குச் சரிவருமா?
— வாசகர், உரும்பிராய்

வரைபடத்தில் பிழை இல்லை. அது பனி விழும் ஊருக்குக் கீறியது. அங்கே வெளிக்காற்று குளிர்ந்து வறண்டது. உள்ளே எடுத்துச் சூடாக்கினால் மண்டபத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். அதனால் அங்கே நீர் 28 பாகை, காற்று அதைவிட ஒரு பாகை கூட, ஈரப்பதன் 50 முதல் 60 வீதம் என்று வைத்துக்கொள்ள முடிகிறது. காற்று நீரைவிடச் சற்றுச் சூடாக இருப்பதற்குக் காரணம், ஆவியாதல் குறையும், ஈர உடம்போடு ஏறுபவருக்குக் குளிராது.

எங்கள் வெளிக்காற்றோ தானே ஈரம் சுமந்து வருகிறது. 30 பாகை, 75–80 வீத ஈரப்பதன் உள்ள காற்றை எவ்வளவு உள்ளே இழுத்தாலும் மண்டபம் 60 வீதத்துக்கு உலராது. அதை உலர்த்த ஈரமகற்றும் பெரிய இயந்திரம் வேண்டும். அதற்கான மின்கட்டணத்தை மாதாமாதம் கட்டப்போவது கனடாவிலிருப்பவர் அல்ல. ஆனால் வெக்கை ஊரில் பிறந்ததற்கு ஒரு கொடுப்பினையும் உண்டு: நாங்கள் மண்டபத்தை மூடவே தேவையில்லை. கூரை மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்துவிட்டால் முக்குளோரமீன் தானாகவே போய்விடும். எந்த இயந்திரமும் அதற்கு ஈடில்லை. அண்ணாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

திறந்து கட்டுவதென்றால் வைகாசிக்குப் பின் வரும் சோளகத்துக்கும் மாரியில் வரும் வாடைக்கும் வழிவிடுங்கள். தென்மேற்கும் வடகிழக்கும் திறந்திருக்கட்டும். பெண்களுக்குத் தனிமை வேண்டும் என்பதற்காகச் சுவர் கட்டுவது நியாயமான தேவை. அப்படியென்றால் சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குத் துளைக்கற்கள் வைத்து, கூரைக்குக் கீழேயும் இரண்டடி திறந்துவிடுங்கள். அடியில் உள்ள திறப்புத்தான் முக்கியம். பாரமான வாயு போவது அதனூடாக. பலரும் மேலே மட்டும் திறந்துவிட்டு, காற்றோட்டம் இருக்கிறதே, பிறகேன் மணம் என்று கேட்கிறார்கள்.

கூரைக்கு வெறும் தகரம் போடாதீர்கள். இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை விட்டுக் குளிரும். விடியற்காலையில் அதன் அடியில் ஈரம் துளித்துத் துருவோடு தடாகத்துக்குள் சொட்டும். அடியில் வெப்பக்காப்பு ஒட்டிய தகடோ ஓடோ நல்லது.

கண்ணாடியால் மூடியே தீரவேண்டுமென்றால் கணக்கு இது. தரைப்பரப்பு 84 சதுரமீற்றர். சதுரமீற்றருக்கு விநாடிக்கு 10 லீற்றர் காற்று என்று எடுத்தால் 840 லீற்றர்; மணிக்கு ஏறத்தாழ 3,000 கனமீற்றர். காற்று வெளியேற்றும் விசிறியின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, முன்னால் தடை எதுவும் இல்லாதபோது உள்ள அளவு. குழாயும் வலையும் போட்டால் கணிசமாகக் குறையும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். விசிறி இழுக்கும் வாய் நீர்மட்டத்துக்கு அருகே, தடாகத்தின் ஒரு நெடும்பக்கத்தில் இருக்கட்டும். புதுக்காற்று எதிர்ப்பக்கத்தால் வந்து நீரின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகட்டும். இழுப்பது தருவதைவிடச் சற்றுக் கூடவேண்டும். இல்லாவிட்டால் மணம் சாப்பாட்டறைக்கு வரும்.

வேலை முடிந்ததும் காசைக் கொடுக்கு முன் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்துங்கள். நீருக்கு மேலே ஓரடி உயரத்தில் பிடித்துக்கொண்டு கரையோரமாக ஒரு சுற்று நடவுங்கள். புகை சாய்ந்து, ஒரே திசையில், இழுக்கும் வாயை நோக்கி ஓடவேண்டும். எந்த மூலையில் புகை நேரே எழும்பிச் சுருண்டு நிற்கிறதோ அந்த மூலையில்தான் வாயுவும் நிற்கும். பிறகு நடைவழிக் கதவை ஒரு விரற்கடை திறந்து இடுக்கில் பிடியுங்கள். புகை தடாகப்பக்கம் போனால் சரி. உங்கள் முகத்துக்கு வந்தால் விசிறி போதாது.

ஏசி வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்டும் ஏசி புதுக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருக்கும் காற்றையே குளிர்த்துக் குளிர்த்துத் திருப்பி விடும். மூக்குக்குக் குளிர்ச்சி, நெஞ்சுக்கு அதே வாயு. குளிர்ந்த உலர்காற்று நீரிலிருந்து ஆவியை இன்னும் இழுக்கும். மேலே சொன்ன 25 மீற்றர்த் தடாகத்தில் நீர் 28, காற்று 29 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால் மணிக்கு 60 லீற்றர்போல ஆவியாகும். அதே நீருக்கு மேலே 24 பாகை, 50 வீதக் காற்றை வைத்தால் 100 லீற்றரைத் தாண்டும். கரையேறும் பிள்ளை நடுங்கும், ‘தண்ணீர் குளிர்’ என்று முறைப்பாடு வரும், உடனே நீரைச் சூடாக்குவீர்கள், ஆவி இன்னும் கூடும். ஏசியின் உள்ளே உள்ள செப்புக்குழாயையும் அலுமினியத் தகட்டையும் அந்த வாயு அரித்துவிடும்.

நீரைச் சூடாக்கும் கருவிக்கு வைத்த காசை நல்ல வடிகட்டிக்குப் போடச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு அடுத்த பதில்.

*

தண்ணீர் குளிர், மகள் நடுங்குகிறாள் என்று நான் சொல்ல, தண்ணீர் சூடு, பிள்ளைகள் களைக்கிறார்கள் என்கிறார் பயிற்றுநர். யார் சொல்வது சரி? எத்தனை பாகை இருக்கவேண்டும்?
— தகப்பன், சாவகச்சேரி

இருவரும் சரி. யார், என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. போட்டிக்கு உலக நீச்சல் சம்மேளனம் வைத்திருக்கும் அளவு 25 முதல் 28 பாகை. பழகும் பிள்ளைகளுக்கு 29 முதல் 31. கைக்குழந்தைகளுக்கு 32 வரை. மூட்டுவலிக்காரர் நீரில் மெல்ல உடற்பயிற்சி செய்ய 33, 34கூட வைப்பார்கள். மூச்சு வாங்க நீந்தும் உடம்பு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. நீருக்குள் வியர்த்தாலும் வியர்வை உலர இடமில்லை, வெப்பத்தை நீருக்குத்தான் கொடுக்கவேண்டும். 31 பாகைக்கு மேல் அது வாங்க மறுக்கும். தலையிடி, முகம் சிவத்தல், சத்தி இவை வந்தால் பயிற்சியை நிறுத்திக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவேண்டும். உங்கள் மகளோ படியில் நின்று முறை வரும்வரை காத்திருக்கிறாள். சிறிய உடம்பு, அசைவில்லை, மேலே மின்விசிறி. 28 பாகையிலும் நடுங்குவாள். தண்ணீரைச் சூடாக்குவதை விட, காத்திருக்கும் பிள்ளைகளைக் கழுத்துவரை நீருக்குள் நிற்கச் செய்வதும், வகுப்பை 30 நிமிடத்தோடு முடிப்பதும், படிக்கு நேரே உள்ள விசிறியை நிறுத்துவதும் பலன் தரும். உதடு நீலித்தால் உடனே கரையேற்றித் துவாயால் போர்த்துங்கள்.

யாழ்ப்பாணத்தில் உண்மையான கஷ்டம் மறுபக்கம்தான். சித்திரை வெக்கையில் தகரக்கூரையின் கீழ்த் தண்ணீர் 31, 32 பாகைக்கு ஏறிவிடும். கிணற்றுத் தண்ணீர் சேர்த்தால் குளிரும் என்று நினைப்பதுண்டு. 31 பாகையில் நிற்கும் 470 கனமீற்றருக்கு 28 பாகைக் கிணற்றுநீர் 20,000 லீற்றர் விட்டாலும் இறங்குவது ஒரு பாகையின் எட்டில் ஒரு பங்கு. கிணறுதான் வற்றும். ஆவியாக விடுவதுதான் வழி. 800 லீற்றர் ஆவியானால் முழுத்தடாகமும் ஒரு பாகை இறங்கும். இரவு பத்துக்குப்பின் பக்கத்திறப்புகளை முழுக்கத் திறந்து, திரும்பி வரும் நீரைப் பூமழைபோல நீர்மட்டத்துக்கு மேலே விசிறும் குழாயால் விட்டு, விடியும்வரை ஓடவிடுங்கள். காற்றோட்டமுள்ள இரவுகளில் ஒரு பாகையளவு எதிர்பார்க்கலாம். காற்றில்லாத புழுக்க இரவில் அதுவும் கிடைக்காது. தண்ணீரில் கிடந்த முக்குளோரமீனும் இதனால் இரவோடிரவாக வெளியேறிவிடும். கூடவே காபனீரொட்சைட்டும் போவதால் காலையில் பி.எச். ஏறியிருக்கும், பார்த்து அமிலம் விடுங்கள். இதைப் பகலில், ஆட்கள் நீந்தும்போது செய்யக்கூடாது.

சூடு கூடினால் குளோரினும் வேகமாகச் செலவழியும், வியர்வையும் கூடும், வாயுவும் வேகமாக ஏறும். தண்ணீரின் சூடும் காற்றின் கெடுதியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீரில் ஒரு பாகையைக் குறைத்தால் காற்றும் அந்தளவு நல்லதாகும்.

*

தலையில் எண்ணெய் வைத்தால் குளோரின் முடியைக் கெடுக்காதாம். உண்மையா?
— மாணவி, மானிப்பாய்

முடியைக் கொஞ்சம் காக்கும், தடாகத்தைக் கெடுக்கும். நீர்மட்டத்தோடு ஓடும் ஓட்டுவரிசையை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுவென்று கறுத்த கோடு ஒன்று ஒட்டும். எண்ணெய், பவுடர், சந்தனம் எல்லாம் அதில் இருக்கும். அதைத் தின்னத்தான் குளோரின் செலவாகிறது. எண்ணெயை வீட்டிலேயே முழுகிப் போக்கிவிட்டு வாருங்கள். இறங்குமுன் ஷவரில் ஒரு நிமிடம் நின்று முடியை நல்ல தண்ணீரால் ஊறவைத்து, தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி தடாகத் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். அந்த ஒரு நிமிடம் உடம்பு வியர்வையில் பெரும்பகுதியையும் கழுவிவிடும். சலம் வந்தால் ஏறிப் போங்கள். வெட்கப்படவேண்டிய விடயம் இல்லை.

*

ஒன்பது வயது மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). நீச்சல் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், தடாகக் காற்றுக் கூடாது என்று சிலர். விடலாமா?
— ஒரு தாய், கொக்குவில்

நீச்சலை மறுக்கவேண்டாம். ஈரமான காற்றில் மூச்செடுப்பதால், ஓட்டத்தில் வரும் முட்டு நீச்சலில் குறைவாகவே வரும். மகனுக்கு ஒவ்வாதது நீச்சலாக இருக்கத் தேவையில்லை, அந்த மண்டபத்துக் காற்றாக இருக்கலாம். பிரித்தறிய வழி உண்டு. ஒருநாள் நீந்தவிடாமல் கரையில் அரைமணி நேரம் இருத்துங்கள். சும்மா இருந்தும் இருமினால் குற்றம் காற்றில். இருமாமல் இருந்து, நீந்தும்போதும் ஓடும்போதும் ஒரேமாதிரி இழுத்தால் அது உடற்பயிற்சியால் வருவது. மருந்தைச் சரிபார்க்க வைத்தியரிடம் போங்கள்.

திறந்த தடாகம் கிடைத்தால் அதுவே நல்லது. மூடியதுதான் என்றால் காலையில் முதல் வகுப்பைக் கேளுங்கள்; பின்னேரம் நூறு பேர் கலக்கிய பிறகு போவதைவிட எவ்வளவோ மேல். தடிமன், காய்ச்சல், இரவில் இழுப்பு இருந்த கிழமைகளில் விடாதீர்கள். உடற்பயிற்சிக்கு முன் நீல நிறப் பம் (வாயால் இழுக்கும் மருந்து) எடுக்க வைத்தியர் சொல்லியிருந்தால் 10–15 நிமிடம் முன்னதாக எடுக்கட்டும். தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு மருந்தை, நீச்சலுக்குப் போகிறான்தானே என்று நிறுத்தவேண்டாம். பம்மும் அதன் பிளாஸ்ரிக் குடுவையும் உடைமாற்றும் அறையில் பூட்டிக் கிடக்கக்கூடாது. பயிற்றுநரின் மேசையில், மகனின் பெயர் ஒட்டி இருக்கவேண்டும்.

முட்டு வந்தால் நீரிலிருந்து ஏற்றி, மண்டபத்துக்கு வெளியே, திறந்த காற்றில் நிமிர்ந்து இருத்துங்கள். படுக்க வைக்காதீர்கள். குடுவை வழியாகப் பம் கொடுங்கள். பேச மூச்சு முட்டினால், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தால், பம் கொடுத்தும் தணியாவிட்டால், கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள்.

*

எங்கள் தடாக மண்டபத்தில் கூரைவிளக்குகளைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்ரீல் ஆணிகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. துருப்பிடிக்காத ஸ்ரீல் என்றுதானே விற்றார்கள்?
— நிர்வாகசபை உறுப்பினர், யாழ்ப்பாணம்

இதை ஒத்திப்போடாதீர்கள். ஓட்டல் சமையலறைக்கும் கடற்கரைக் கைப்பிடிக்கும் போடும் சாதாரண 304, 316 ரகங்கள் தண்ணீருக்குள் நன்றாக நிற்கும். ஆபத்து மேலே. ஆவி ஏறித் துளியாகப் படிந்து உலர்ந்து, மறுபடி படிந்து உலரக் குளோரைட்டு அந்த இடத்தில் செறிந்துகொண்டே போகும். நீந்தும் இடத்தில் தண்ணீர் தெறித்துக் கழுவும். கூரையில் கழுவ ஒன்றுமில்லை. பாரம் தாங்கி இழுபட்டு நிற்கும் ஆணியில் மயிரிழை வெடிப்பு உள்ளுக்குள் ஓடும், வெளியே ஒரு பழுப்புப் புள்ளிதான் தெரியும். சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே மாதம் உள்ளகத் தடாகமொன்றின் கொங்கிறீற் உட்கூரை இப்படித்தான் விழுந்தது. அதைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்ரீல் கம்பிகள் அரித்து அறுந்தன; 12 பேர் இறந்தார்கள்.

விளக்குகளுக்குக் கீழே உள்ள பகுதியைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, ஏணி வைத்து ஒவ்வோர் ஆணியையும் பார்க்கச் செய்யுங்கள். புள்ளி கண்டவற்றைத் துடைத்து மினுக்கி விட்டுவிடக்கூடாது, கழற்றி மாற்றவேண்டும். பாரம் தாங்கும் இடங்களுக்குத் தடித்த நாகப்பூச்சு இட்ட சாதாரண உருக்கு நல்லது. அது துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரிய மெதுவாகத் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமென்றால் தடாகக் கூரைக்கென்றே உள்ள 1.4529 ரகத்தைக் கேளுங்கள். புதிய ஆணிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைத்து, பார்த்த திகதியை எழுதி வையுங்கள்.

*

குளோரின் தூளையும் அமிலத்தையும் ஒரே அறையில் வைக்கலாமா? எங்களிடம் ஒரு அறைதான் இருக்கிறது.
— காவலாளி, பருத்தித்துறை

கூடாது. அமிலப் போத்தல் ஒன்று உடைந்து தூளில் பட்டால் அந்த நிமிடமே குளோரின் வாயு எழும்பும். மெதுவாகக் கரையும் குளோரின் குளிசையும் கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளும்கூட ஒன்றோடொன்று சேரக்கூடாது. ஈரம் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றை அள்ளிய கரண்டியை மற்றதற்குள் விடாதீர்கள். தூள் அறையில், தரையில் படாமல் பலகையின்மேல் இருக்கட்டும். அமிலத்தை வெளியே, வெயில் படாத கூரையின் கீழ், கசிந்தால் தாங்கும் பிளாஸ்ரிக் தொட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். இரண்டுக்கும் திறப்பு வேறுவேறாக இருக்கட்டும்.